அந்த மூன்றடி ஓரத்தை விட்டு வையுங்கள்



எமது பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஆறு நாட்கள் இருக்கும்போது, மைதானத்தின் வேலியோரம் முழுவதும் களைநாசினி அடிக்கப்பட்டது. அடித்தவர் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. ஊரார் வந்து பார்க்கும் நாளில் பாடசாலை துப்புரவாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், தன் சொந்தக் காசில் வாங்கி, டாங்கியைத் தானே முதுகில் சுமந்து அடித்தார். ஆனால் மரக்கறிப் பாத்திகளை ஒட்டி நாற்பதடி நீளத்தில் இருந்தது வெறும் புல் அல்ல. தரம் 8 பிள்ளைகளும் நாங்கள் இரண்டு ஆசிரியர்களும் ஒரு வருடமாக வளர்த்த பூவோரம் அது. போட்டி நடந்த அன்று அது வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடந்தது.

இப்போது அந்த இடத்தில் இன்டர்லொக் கல் பதித்து, குரோட்டன் சாடிகள் வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. காசு தரவும் ஒருவர் முன்வந்திருக்கிறார். அவருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்கட்டும். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதற்கு முடிவு எடுக்கப்படும். அதற்கு முன்னர் எமது பெற்றோரும் பழைய மாணவர்களும், விசேடமாக வயல் செய்பவர்களும், எங்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும். கொஞ்சம் நீண்ட பதிவுதான். பொறுமையாக வாசியுங்கள்.

கடந்த வருடம் மாரி மழை விட்ட கையோடு நாங்கள் பாடசாலைத் தோட்டத்தில் கத்தரி, வெண்டி, பயற்றை, பாகல் போட்டோம். அதன் ஓரத்தில் மூன்றடி அகலத்துக்கு எள்ளு, கொத்தமல்லி, கொஸ்மஸ், ஒற்றையடுக்குச் செவ்வந்தி, சூரியகாந்தி, நடுவில் கொஞ்சம் கௌப்பி என்று கலந்து விதைத்தோம். தானாக முளைத்த மூக்குத்திப்பூவையும் பிடுங்காமல் விட்டோம். பார்த்த சிலர், "மரக்கறி போட வேண்டிய இடத்தில் பூ எதுக்கு டீச்சர்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு நாங்கள் வாயால் பதில் சொல்லவில்லை. பிள்ளைகள்தான் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

பயற்றைக் கொடி பூக்கத் தொடங்கிய நாட்களில் அதன் நுனித் தளிர்களில் அழுக்கணவன் மொய்த்தது. கறுப்பாக, ஒன்றன்மேல் ஒன்றாக. வீட்டில் வாப்பாமார் செய்வதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், "சேர், மருந்து அடிப்போம்" என்றார்கள். ஒரு கிழமை பொறுப்போம், ஒவ்வொரு நாளும் அந்தத் தளிரைப் பார்த்து எழுதுங்கள் என்று சொன்னோம்.

மூன்றாம் நாள் ஒரு பிள்ளை ஓடி வந்து, "கொடியில் முதலைக்குட்டி மாதிரி ஒரு புழு" என்றாள். கருஞ்சாம்பல் நிறம், செம்மஞ்சள் புள்ளி. அதைப் புழு என்று நசுக்கத் தயாராக இருந்தார்கள். அது பொறிவண்டின் குஞ்சு. முதுகில் கறுப்புப் புள்ளி போட்ட சிவப்பு வண்டை எல்லாருக்கும் தெரியும், அழகு என்று கையில் ஏற்றி விளையாடுவோம். ஆனால் அதன் குஞ்சை எமது ஊரில் அனேகருக்குத் தெரியாது. அழுக்கணவனைத் தின்று தீர்ப்பதில் அது தாய் வண்டுக்குக் குறைந்ததல்ல. இன்னொரு தளிரில் காலில்லாத ஒரு பச்சைப் புழு. அது பூ ஈயின் குஞ்சு. பார்வைக்குச் சின்னக் குளவி போல, அந்தரத்தில் அசையாமல் நின்று பறக்குமே, அந்த ஈ. அதுவும் வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கான அழுக்கணவனைத் தின்றுவிடும்.

ஐந்தாம் நாள் பிள்ளைகள் கண்டதுதான் எங்களுக்கே புதினம். சில அழுக்கணவன்கள் ஊதிப் பழுப்பு நிறமாகி அசையாமல் இருந்தன. சிலதின் முதுகில் ஊசியால் குத்தியது போல வட்டமாக ஓர் ஓட்டை. எறும்பை விடச் சின்னதான ஒரு குளவி அழுக்கணவனுக்குள் முட்டை இட்டு, அதன் குஞ்சு உள்ளேயிருந்து தின்று வளர்ந்து, ஓட்டை போட்டு வெளியேறிய அடையாளம் அது. ஆசிரியர் கலாசாலையில் படிக்கும்போது இதைப் பாடமாக எழுதியிருக்கிறோம், பரீட்சையில் புள்ளியும் எடுத்திருக்கிறோம். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

இரண்டு கிழமையில் அழுக்கணவன் முற்றாக ஒழிந்துவிட்டது என்று நாங்கள் பொய் சொல்லவில்லை. இருந்தது. ஆனால் பயற்றை காய்த்தது, பிடுங்கினோம், சமைத்தோம். ஒரு சொட்டு மருந்து அடிக்கவில்லை.

இங்கேதான் பூவின் கதை வருகிறது. இந்தக் குளவியும் பூ ஈயும் குஞ்சாக இருக்கும்போதுதான் பூச்சியைத் தின்னும். வளர்ந்து சிறகு முளைத்த பிறகு அவற்றின் சாப்பாடு தேனும் மகரந்தமும்தான். வயலிலும் தோட்டத்திலும் பூவே இல்லாவிட்டால் அவை பட்டினி கிடந்து சீக்கிரம் சாகும், அல்லது வேறிடம் போய்விடும். அதிலும் குளவியின் வாய் மிகச் சிறியது. ஆழமான குழாய்ப் பூவில் அதனால் குடிக்க முடியாது. கொத்தமல்லி, பெருஞ்சீரகம் போன்ற குடைபோல் விரிந்த பொடிப் பூக்கள்தான் அதற்கு ஏற்றவை. பல அடுக்கு இதழ் கொண்ட பெரிய செவ்வந்தி எமது கண்ணுக்கு அழகு, பூச்சிக்கு அதில் சாப்பாடு குறைவு. அதனால்தான் ஒற்றையடுக்கைத் தேடிப் போட்டோம். கௌப்பியைப் போட்டதும் ஒரு காரணத்தோடுதான். அதில் அழுக்கணவன் முதலில் வரும், அதைத் தேடிப் பொறிவண்டு வரும். பக்கத்துப் பாத்தியில் பிரச்சினை வரும்போது காவல்காரன் ஏற்கெனவே வந்து குந்தியிருப்பான்.

கத்தரிக்கும் இதில் பங்கு உண்டு. கத்தரிப் பூவின் மகரந்தம் இலேசில் உதிராது. பெரிய கருவண்டு வந்து பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும்போதுதான் நன்றாக உதிரும். பாகல், பூசணி போன்றவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூச்சி வராவிட்டால் பிஞ்சு பிடிக்காது. காலையில் பூ இருக்கிறது, காய் மட்டும் இல்லை என்று எங்கள் மாமிமார் கவலைப்படுவதில் பாதி, வளவில் தேனீயும் வண்டும் இல்லாமல் போன கவலைதான்.

சின்னக் குளவி என்ன பெரிதாகச் செய்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு எமது நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறோம். 2008இல் இலங்கையில் பப்பாசி மரங்களில் மாவைப் பூசியது போல ஒரு வெள்ளைப் பூச்சி படர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தது. மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து அதன்மேல் ஒட்டாது. மரம் மரமாகப் பட்டது. 2009இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மிகச் சிறிய ஒரு குளவி கொண்டுவரப்பட்டு விடப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத அளவு. அது அந்த வெள்ளைப் பூச்சிக்குள் முட்டையிட்டுப் பெருகியது. பப்பாசி திரும்பப் பிழைத்தது. அதற்குப் பிறகு அந்தக் குளவிக்கு நாங்கள் யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. இன்றும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

இனி வயலுக்கு வருவோம். இது எமது ஊரின் அடிவயிற்று விடயம்.

வரம்பு என்றால் எமக்கு நடக்கும் பாதை, தண்ணீர் கட்டும் மண். அதில் பச்சை தெரிந்தால் களைநாசினி. ஆனால் தாய்லாந்து, சீனா, வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளில் நான்கு வருடங்களாகச் செய்து 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. வயலைச் சுற்றி எள்ளு போன்ற தேன் உள்ள பூப்பயிர்களைப் போட்டார்கள். பூச்சி மருந்து அடிக்கும் தடவைகள் 70 சதவீதம் குறைந்தன. விளைச்சல் 5 சதவீதம் கூடியது. எல்லாச் செலவும் கழித்து 7.5 சதவீத நன்மை. கோடிக்கணக்கில் செலவழித்த திட்டம் அல்ல, வரம்பில் போட்ட எள்ளு.

காரணம் விளங்காத ஒன்றல்ல. எமது வயல்காரர்கள் பயப்படுவது அறக்கொட்டியானுக்கு. அதன் முட்டையைக் குளவி அழிக்கும், குஞ்சைச் சிலந்தி தின்னும். வெள்ளாமை இளம் பருவத்தில் இருக்கும்போது இலையில் நாலு சுருட்டைக் கண்டவுடன் மருந்து அடித்தால், முதலில் சாவது சிலந்தியும் குளவியும்தான். அறக்கொட்டியானின் முட்டை நெல்லின் தண்டுக்குள் பத்திரமாக இருக்கும். பிறகு பொரித்து வரும்போது அதைத் தின்ன ஒருவரும் இல்லை. "அடிக்க அடிக்கக் கூடுது" என்று வட்டையில் சொல்கிறார்களே, அது கண்கட்டி வித்தை அல்ல, இதுதான். இந்தோனேசியா இதைக் கண்டு 1986லேயே நெல்லுக்கு அடிக்கும 57 மருந்துகளைத் தடை செய்தது. வியட்நாமில் 1990களில், விதைத்து முதல் 40 நாளுக்கு இலைப் புழுவுக்காக மருந்து அடிக்காதீர்கள் என்று வானொலி நாடகம் போட்டே விவசாயிகளுக்குச் சொன்னார்கள். இளம் பயிர் இழந்த இலையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளும்.

எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையின் வாப்பா போன பெரும்போகத்தில் வெறுங்காலோடு, முகத்தில் ஒரு துணியும் கட்டாமல் எண்ணெய் அடித்துவிட்டு வந்து, வாந்தியும் தலைச்சுற்றுமாக ஒரு இரவு ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிள்ளை இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து சொன்னது, "வாப்பா நாளைக்கும் அடிக்கப் போறாராம், இல்லாட்டி கடன் கட்ட ஏலாதாம்." இதற்கு எங்களிடம் பதில் இல்லை. அந்த மனிதருக்கு இயற்கை பற்றிப் பிரசங்கம் செய்ய எங்களுக்கு என்ன தகுதி இருக்கிறது?

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாளையிலிருந்து மருந்தை நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. 2021இல் ஒரே உத்தரவில் உரமும் மருந்தும் தடை செய்யப்பட்டபோது எமது வயல்களுக்கு என்ன நடந்தது என்பதை யாரும் எமக்குக் கற்பிக்கத் தேவையில்லை. மாற்று வழி கையில் இல்லாமல் உள்ளதைப் பிடுங்கினால் விவசாயிதான் விழுவான். அதே வருடம் நவம்பரில் தடையைத் தளர்த்த வேண்டி வந்தது. நாங்கள் சொல்வது மறுபக்கம். முதலில் மாற்றைக் கட்டி எழுப்புங்கள். ஓரத்தில் பூ இருக்கட்டும், பூச்சி வந்து குடியேறட்டும், அடிக்கும் தடவை ஒன்றாவது குறையட்டும். அந்த ஒரு தடவைக் காசு வீட்டில் மிஞ்சும், அந்த ஒரு நாள் நஞ்சு உடம்புக்குப் போகாது.

எமக்குச் சொல்லப்படும் மறுப்புகளையும் மறைக்க வேண்டியதில்லை.

பாம்பு வரும் என்கிறார்கள். இடுப்பளவு பற்றையாக விட்டால் வரும்தான். நாங்கள் கேட்பது முழங்கால் உயரத்துக்கு வெட்டிப் பராமரிக்கும் ஓரம், பக்கத்தில் துப்புரவான நடைபாதையோடு.

டெங்கு வரும் என்கிறார்கள். டெங்கு நுளம்பு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். சிரட்டை, டயர், யோகட் கோப்பை, அடைபட்ட பீலி, ஏன், சாடிக்குக் கீழே வைக்கும் தட்டிலும்தான். எள்ளிலும் கொத்தமல்லியிலும் தண்ணீர் தேங்காது. சிரமதானம் என்றால் கண்ணில் படும் பச்சையை எல்லாம் வெட்டி, டயரை அங்கேயே விட்டுவிட்டு வருவதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

வரம்பில் புல் இருந்தால் நெல் மூட்டுப்பூச்சி வரும் என்று விவசாயப் போதனாசிரியர்கள் சொல்வார்கள். அது சரி. கதிர் விடும் புல்லில் அது தங்கிப் பெருகி, நெல் பால் பிடிக்கும்போது வயலுக்குள் இறங்கும். ஆகவே புல்லைப் பூக்க முன் வெட்டத்தான் வேண்டும். வெட்டிய இடத்தைச் சும்மா விடாமல் பூச்செடியைப் போடுங்கள் என்கிறோம். அதேபோல் வெண்டிப் பாத்திக்குப் பக்கத்தில் செவ்வரத்தை நடாதீர்கள். இரண்டும் ஒரே குடும்பம், ஒன்றின் மாப்பூச்சி மற்றதுக்குப் போகும். எந்தப் பூவானாலும் நல்லது என்று இல்லை.

கத்தரிக்காய்க்குள் துளைக்கும் புழுவுக்கு இது முழு மருந்தா என்றால், இல்லை. அந்தப் புழு பொரித்த சில மணி நேரத்தில் தளிருக்குள்ளும் காய்க்குள்ளும் புகுந்துவிடும். பிறகு எந்த மருந்தும் அதற்கு எட்டாது. வாடித் தொங்கும் தளிரை வெட்டி அழிப்பதுதான் வழி. அதைப் பிள்ளைகள் கிழமைக்கு இரண்டு தடவை செய்தார்கள். பூவோரமும் வேண்டும், கையும் வேண்டும்.

இன்னும் ஒரு மறுப்பு இருக்கிறது. "பிள்ளைகளைப் படிக்க அனுப்புறோம், தோட்டம் கொத்தவா?" ஒரு வருடம் ஒவ்வொரு நாளும் ஒரு தளிரைப் பார்த்து, திகதி போட்டு, எண்ணி, வரைந்து, ஏன் என்று கேட்ட பிள்ளைக்கு விஞ்ஞானம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அது எங்கள் அனுபவம்.

களைநாசினி அடித்த கிழமை அந்தப் பிள்ளைகள் கொப்பியில் எழுதியதை வாசித்தோம். ஒருவர் எழுதியிருந்தார்: "இன்று பூ ஈ இல்லை. குளவி இல்லை. பயற்றையில் அழுக்கணவன் இருக்கிறது." அதற்குக் கீழே வழமை போல எங்கள் கையெழுத்து வேண்டும். வைத்தோம். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

எமது மார்க்கத்தில் இதற்கு ஆதாரம் தேடி அலையத் தேவையில்லை. தேனீயின் பெயரில் ஒரு சூறா, எறும்பின் பெயரில் ஒரு சூறா ஓதும் சமூகம் நாங்கள். ஒருவர் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ பிராணியோ உண்டால் அது நட்டவருக்கு ஸதகா என்பதைச் சின்ன வயதிலேயே மத்ரஸாவில் கேட்டோம். அந்தப் பட்டியலில் பறவையும் பிராணியும் இருக்கின்றன என்பதைத்தான் பெரியவர்களான பிறகு மறந்துவிட்டோம். எமது வளவுகளையும் பள்ளிவாசல் முற்றங்களையும் பாருங்கள். சுவருக்குச் சுவர் கல் பதித்தாயிற்று. துப்புரவு ஈமானில் பாதிதான். ஆனால் துப்புரவு என்பதும் உயிரே இல்லாமல் இருப்பது என்பதும் ஒன்றல்ல.

எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான்.

பாடசாலைக்கு: இன்டர்லொக் கல்லை வாசலிலிருந்து வகுப்பறை வரை பதியுங்கள். மழைக் காலத்தில் பிள்ளைகள் சேற்றில் மிதிக்கிறார்கள், அங்கே அது கட்டாயம் தேவை. தோட்டத்தின் மூன்றடி ஓரத்தை மட்டும் விடுங்கள். அங்கே மருந்து அடிப்பதில்லை என்று சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதுங்கள். துப்புரவு வேலைக்கு வருபவருக்கும் தெரியும்படி நாங்கள் ஒரு பலகை வைக்கிறோம். போன தடவை பலகை வைக்காதது எங்கள் பிழை.

வயல் செய்பவர்களுக்கு: இன்னும் சில கிழமையில் சிறுபோக விதைப்பு. முழு வட்டையும் வேண்டாம். ஒரே ஒரு வரம்பில் புல்லை மண்வெட்டியால் சீவி, மேட்டுப் பக்கத்தில் எள்ளு விதைத்துப் பாருங்கள். எள்ளுக்கு நீர் நின்றால் ஆகாது. ஆகவே உயரமான வரம்பைத் தெரிவு செய்யுங்கள், மாரி வெள்ளாமைக்கு எள்ளை நம்ப வேண்டாம். அந்த வரம்பை ஒட்டிய வயலில், மருந்து அடிக்க முன் இறங்கி நெல்லின் அடியைப் பிரித்துப் பாருங்கள். அறக்கொட்டியான் எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணிவிட்டுக் கமநல சேவை நிலையத்தில் கேட்டு முடிவு எடுங்கள். எள்ளையும் அறுவடை செய்யலாம், அதுவும் காசுதான்.

வீட்டில் உள்ளவர்களுக்கு: குசினியில் இருக்கும் கொத்தமல்லியில் ஒரு பிடி எடுத்து, இலேசாக நசுக்கி இரண்டாகப் பிரித்து, ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள். இலை பறித்தது போக நாலு செடியைப் பூக்க விடுங்கள். கொச்சிக்காய்ச் செடிக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். ஓரிரு மாதத்தில் அந்த வெள்ளைப் பூவில் யார் யார் வருகிறார்கள் என்று பிள்ளைகளோடு குந்திப் பாருங்கள்.

காய்ந்துபோன எங்கள் ஓரத்தைப் பிள்ளைகள் கொத்திவிட்டார்கள். விதைக்கவில்லை. கூட்டத்தின் முடிவு வரும்வரை பொறுத்திருக்கிறோம். போன வருடம் எடுத்த எள்ளும் கொஸ்மஸ் விதையும் போத்தலில் இருக்கின்றன. வீட்டுக்கோ வரம்புக்கோ வேண்டுபவர்கள் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள், கடதாசியில் சுற்றித் தருகிறோம். கூட்டத்துக்கு வரக்கூடிய பெற்றோர் தயவுசெய்து வாருங்கள். எங்களோடு உடன்படாவிட்டாலும் வாருங்கள். தரம் 8 பிள்ளைகள் தங்கள் கொப்பிகளோடு அங்கே இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.